சாமரம் பட்ட கன்னம்

வேங்கையூர் அரசவையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பெயர் மருதையன். ஊரறிந்த தொடைநடுங்கி. அரண்மனைப் பூனை கொட்டாவி விட்டால்கூட இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். எங்கள் தளபதி ரணகண்டர் வேறு ரகம். காற்றில் திரைச்சீலை ஆடினாலே வாளில் கை வைப்பார்.

ஒருநாள் சபையில், அரசருக்குச் சாமரம் வீசும் சாத்தப்பனின் கை தவறியது. சாமரம் தளபதியின் கன்னத்தில் பட்டுவிட்டது.

"அரசே, இவன் என்னை அறைந்துவிட்டான்! வேண்டுமென்றே செய்தான்!" என்று தளபதி குதித்தார்.

"வியர்வையில கைப்பிடி வழுக்கிடுச்சு, மகாராஜா" என்று சாத்தப்பன் அழுதான்.

அரசர் குமாரவிக்கிரமர் என் பக்கம் திரும்பினார். "மருதையா, நீதானே பக்கத்தில் நின்றாய்? அடித்தானா? ஆமென்றால் இன்றே நாடு கடத்திவிடுகிறேன்."

சாத்தப்பன் வீட்டில் கைக்குழந்தை.

"அவன் நம் எல்லோரையும் கொல்ல வந்ததுபோலத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது, அரசே. ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். என் கண்ணை நம்பாதீர்கள். தளபதியார் கண்ணையும் நம்பவேண்டாம்."

"என்ன சொன்னாய்?" தளபதி உறுமினார். நான் அரசர் பக்கமாக நகர்ந்துகொண்டேன்.

"அந்தப்புரத்தில் மகாராணியார் வளர்க்கும் ஆட்டுக்கிடாவை இங்கே விடச் சொல்லுங்கள், அரசே. பிறகு தீர்ப்புச் சொல்லலாம்."

கிடா வந்தது. அரசரைத் தவிர சபையில் யாரும் அதை முன்பு பார்த்ததில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக எங்களை நோக்கி நடந்தது.

"பாயப்போகிறது!" தளபதி வாளை உருவிவிட்டார். நான் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று கேட்காதீர்கள். சாத்தப்பன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். "என்னடா ராசா, அரிக்குதா?" என்று கொம்புகளுக்கு நடுவே சொறிந்துவிட்டான். கிடா சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது.

ஒளிந்த இடத்திலிருந்தே வாதாடினேன். "சொறிந்துவிடச் சொல்லித்தான் அது தலையைத் தாழ்த்தும் என்று மகாராணியாரின் தோழி எனக்குச் சொல்லியிருக்கிறாள், அரசே. தளபதியார் அதில் சண்டையைப் பார்த்தார். நான் எமனைப் பார்த்தேன். இவனுக்கு அரிப்புதான் தெரிந்தது. கொம்பை நீட்டி வந்த கிடாவிடமே பகை பார்க்காதவனா தளபதியாரை அடிப்பான்?"

தளபதியின் முகத்தில் அசடு வழிந்தது. வாளை உறையில் போட்டார். "சரி சரி, போய் வீசு" என்றார் சாத்தப்பனிடம்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேய், கிடாவை வரவழைத்தவனே நீதானே! நீ ஏன் ஓடினாய்?"

"வரவழைத்தது மூளை, அரசே. ஓடியது கால். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"இந்தப் பதிலுக்கே பரிசு தரவேண்டும், வா இங்கே!"

மெல்ல வெளியே வந்தேன். தம் பட்டுச் சால்வையை எனக்குப் போர்த்துவதற்காக அரசர் கையை உயர்த்தினார்.

அடுத்த நொடி நான் மறுபடியும் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்தேன்.