மீன்கள் பாடிய துதி

எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். புகழ்ச்சி இல்லாமல் ஒரு வாய் சோறும் இறங்காத அரசர் ஒருவர் முன்பு இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் அரண்மனைக் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"மகாராஜா, தங்கள் திருநாமத்தைத் துதிக்கின்றன!" என்றார் அரண்மனைச் சோதிடர் ஏகாம்பரர்.

அரசருக்கு உச்சி குளிர்ந்தது. துதிக்கும் மீன்களுக்குத் தினமும் பத்து அண்டா சோறு கொட்ட உத்தரவானது. சோறு அழுகியது, துதியும் கூடியது. செத்து மிதந்தவற்றை முக்தி அடைந்தவை என்றார் சோதிடர்.

அரசவை விகடன் வெண்காடனுக்கு மனசு பொறுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து கவனித்தான். முதலில் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு மீன்கள் நீந்துவதை விட்டு அசையாமல் நின்றன. கடைசியில்தான் மேலே வந்து வாய் பிளந்தன.

"மகாராஜா, சோறு அழுகுவதில் தண்ணீரிலுள்ள காற்று தீர்ந்துபோகிறது. மேல்நீரில் ஒட்டியிருக்கும் கொஞ்சக் காற்றுக்காக அவை தவிக்கின்றன" என்றான்.

"தங்கள் புகழைப் பொறுக்காத பேச்சு!" என்றார் சோதிடர்.

அரசர் முகம் சிவந்தது. "நாளைக்குள் என் சபையில் மெய்ப்பித்துக் காட்டு. இல்லையேல் கல்லைக் கட்டி உன்னையும் குளத்தில் இறக்குவேன். நீயும் துதிக்கலாம்."

வெண்காடன் குனிந்து வணங்கினான். "உத்தரவு. அதற்குமுன் ஆயிரம் விளக்கேற்றித் தங்களுக்கு ஒரு துதிவிழா நடத்த அனுமதி வேண்டும்."

இதை மறுக்க அரசருக்கு மனம் வருமா?

மறுநாள் சிறிய மண்டபத்தில் சபை முழுவதும் நெருக்கியடித்து உட்கார்ந்தது. காற்றில் விளக்கு அணையக்கூடாதென்று கதவுகளையும் சன்னலையும் வெளியிலிருந்து தாழிட்டான் வெண்காடன். உள்ளே துதி தொடங்கியது. மூன்றாம் பாட்டில் எல்லோருக்கும் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. ஐந்தாம் பாட்டில் யாரும் பாடவில்லை, அசையவுமில்லை. அப்புறம் எல்லோரும் விழுந்தடித்து இருந்த ஒரே சன்னலுக்கு ஓடி, அதை உடைத்துத் திறந்தார்கள். முதலில் அரசர் தலை வெளியே வந்தது, அவர் கைக்கு அடியில் சோதிடர் தலை. இரண்டு வாயும் ஆவென்று திறந்து திறந்து மூடின.

தோட்டத்தில் வெண்காடன் கைகட்டி நின்றான். "சோதிடரே, நம் மகாராஜா இப்போது யாரைத் துதிக்கிறார்?"

மூச்சு வந்ததும் அரசருக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்துச் சிரித்துத் தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். குளத்தில் இறங்கி அழுகிய சோற்றை வாரும் வேலை சோதிடருக்குக் கிடைத்தது. பழைய நீரை இறைத்துப் புதுநீர் விட்டார்கள்.

எட்டாம் நாள் விடியலில் அரசர் குளக்கரைக்குப் போனார். ஒரு மீனும் மேலே வரவில்லை. தம்மைத் துதிக்க யாரும் வராததற்காக அவர் மகிழ்ந்தது வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை.