அரக்கு முத்திரை

வழக்கறிஞர் சங்க விருதுக்கு நாற்பது விண்ணப்பங்கள் வந்தன, எல்லாமே அரக்கு முத்திரை வைத்த உறைகளில். நடுவர் குழுத் தலைவர் கோதண்டபாணி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"நாற்பதையும் வரி விடாம படிச்சோம், என் மருமகனுக்குத்தான் விருதுன்னு டைப் அடிச்சுக் கொண்டா. இல்லேன்னா வேலையை மறந்துடு" என்று குமாஸ்தா செண்பகவடிவை அதட்டினார்.

வேலையையும் விடக்கூடாது, இந்தப் பொய்யையும் சும்மா விடக்கூடாது என்று தீர்மானித்தாள் அவள். சொன்னபடியே அடித்துக் கொடுத்தாள்.

விழா மேடையில் அவர் அதை வாசித்து முழங்கினார். கைதட்டல் அடங்கியதும், மருமகனின் உறையை அவரிடம் நீட்டினாள்.

"உங்க மனசைத் தொட்ட இடத்தை நீங்களே வாசிங்க, ஐயா."

சபையே எட்டிப் பார்த்தது. தலைவர் அரக்கில் நகத்தை வைத்தார்.

"பாத்து, ஐயா" என்றாள் மைக்கில். "முதல் தடவை பிரிக்கும்போது கிழிஞ்சிடும்."