மன்னனுக்குப் பதிலாக நினைவு வைத்தவர்

கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும், கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன்னே நெடுங்கரை என்றொரு நாடு. அதற்கு மணிவேள் என்றொரு மன்னன்.

கெட்டிக்காரன் என்றால் அப்படியொரு கெட்டிக்காரன். விடியலில் எழுந்து ஏரிக்கரையில் தனியாக நடப்பான். எதிரே வரும் வலைக்காரரிடமும் மாடு மேய்ப்பவரிடமும் நின்று பேசுவான். பசித்தால் அளவாகச் சாப்பிடுவான், இருட்டினால் படுத்துவிடுவான். ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கமாட்டான். அவன் சொன்ன தீர்ப்பில் யாரும் குறை கண்டதில்லை.

பொறுக்குமா மருதப்பருக்கு? அவர் அரண்மனை ஆலோசகர். ராஜாவே யோசித்தால் இவருக்கு அங்கே என்ன வேலை?

முதலில் வந்து, "மன்னர் கால் மண்ணில் படலாமா?" என்றார். பல்லக்கு வந்தது.

அடுத்து வந்து, "குடியானவன் மாதிரி மன்னர் பொழுது சாய்ந்ததும் தூங்கலாமா?" என்றார். விடிய விடிய ஆட்டமும் பாட்டும், நடுநடுவே நெய் சொட்டும் பலகாரமும் வந்தன.

மூன்றாவதாக வந்து, "ஊரார் பேரையெல்லாம் மன்னர் மண்டையில் சுமக்கலாமா?" என்றார். அரியணைக்குப் பின்னால் நினைவுக்காரர் என்று ஓர் ஆசனம் வந்தது. அதில் அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து? தான் செய்ததை இன்னொருவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற கூத்து? அங்கே நடந்தது. வருஷம் போகப் போக மன்னன் மூளை துருப்பிடித்தது. காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. "மருதப்பரே, நான் சாப்பிட்டுவிட்டேனா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் சடைச்சியை இழுத்து வந்தார்கள். ஏரியில் தாமரை இலை பறித்து விற்கிறவள். அவள் குடிசைக் கொடியில் மன்னனின் பட்டுச் சால்வை காய்ந்ததைச் சேவகர்கள் பார்த்துவிட்டார்கள். அரண்மனைப் பொருளைத் திருடினால் வலது கையை வெட்டுவது அந்த நாட்டு வழக்கம். கை போனால் அவள் எப்படி இலை பறிப்பாள், மகளுக்கு எப்படிச் சோறு போடுவாள்?

"நான் திருடவில்லை சாமி. நீங்கள்தான் கொடுத்தீர்கள். மடைக்குப் பக்கத்தில், நீங்கள் தனியாக நடந்து வந்த ஒரு விடியற்காலையில்."

மன்னன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பின்னால் திரும்பி, "மருதப்பரே, நான் கொடுத்தேனா?" என்று கேட்டான்.

மருதப்பர் அன்றைக்கு அங்கே இருந்தவரா? ஏரிப் பக்கம் எட்டியாவது பார்த்தவரா? ஆனால் தெரியாது என்று சொன்னால் பதவி என்னாவது? "கொடுக்கவில்லை மன்னா" என்றார், கூசாமல்.

சடைச்சிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கொடுத்த கையும் இங்கே இருக்கிறது, வாங்கிய கையும் இங்கே இருக்கிறது, நடுவில் இந்த ஆள் யார் என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"வெட்டுங்கள் சாமி. ஆனால் இப்போதுதான் நாற்று நட்டிருக்கிறார்கள், அறுப்புவரை பொறுங்கள். அதுவரை தினமும் விடியலில் ஏரிக்கரை வழியாக என் சிறைக்கு நீங்களே நடந்து வாருங்கள். இருட்டினால் தூங்குங்கள். இவரைக் கேட்காமல் ஊரில் நாலு பேர் பேரை நீங்களே நினைவு வையுங்கள். அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை என்று உங்கள் வாயால் சொன்னால், நானே கையை நீட்டுகிறேன்."

சபை முழுக்க மன்னனையே பார்த்தது. அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

முதல் நாள் பாதி வழியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டான். பயிர் பச்சை பிடித்த காலத்தில் சிறைவாசலில் நின்று, "நீ யார்?" என்று கேட்டான். சடைச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. கதிர் முற்றுகிற காலத்தில், "வலைக்கார மாடனுக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சடைச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அறுப்பு முடிந்து சபை கூடியது. மருதப்பர் குனிந்து, "கொடுக்கவில்லை மன்னா" என்று எடுத்துக்கொடுத்தார். மன்னன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான்.

"அன்றைக்குத் தூறல். உன் மகளுக்குக் காய்ச்சல். தாமரை இலையைப் பிடித்துக்கொண்டு மடையோரம் நின்றாய். நான்தான் சால்வையைப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டேன். என்னை மன்னித்துவிடு தாயே."

அவள் கைக்கட்டை அவிழ்த்தார்கள். சடைச்சி நகரவில்லை. மன்னிக்கவும் இல்லை.

"எனக்கு முன்னால் எத்தனை பேர் கையை இவரைக் கேட்டு வெட்டினீர்கள் சாமி? அவர்கள் நினைவு வந்துவிட்டதா?"

மன்னன் பின்னால் திரும்பவில்லை. ஒவ்வொரு முகமாக அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அரியணையைவிட்டு இறங்கி, கை இழந்தவர்களின் வீடுகளைத் தேடி நடந்தான். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடும்படி மருதப்பரை முன்னால் விட்டான்.

ஒரு பேர்கூட மருதப்பருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நடையையும் உறக்கத்தையும் நினைவையும் கைவிட்டவனுக்கு மூளை மழுங்கும், அதற்கான தண்டனையோ ஒரு பாவமும் அறியாதவர் தலையில் விழும்.