தட்சிணைத் தட்டில் எடுத்த காசு

பேச்சியம்மாள் சித்தாளாக மண் சுமந்தவள். பின்னாளில் நிலம் வாங்கி விற்றாள். நாலு முறை ஏமாந்த பிறகு ஐந்தாம் முறை ஏமாறவில்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மாசிலாமணி அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்திருந்தார்.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"குருவே, நாலு பேர் பணத்தைச் சேர்த்துக் கட்டடம் கட்டுறவனை எப்படி எடைபோடுறது?"

"எவன் அவன்?"

"ஜெயசீலன். குடோன் கட்டி, வர்ற வாடகையைப் பங்கு பிரிச்சுத் தருவாராம். நாற்பது பேர், ஆளுக்கு இருபது லட்சம். இன்னிக்குப் பூமி பூஜை. அங்கேயே செக் கொடுக்கணும்."

"ரிட்டயர்மென்ட் பணமா?"

"மொத்தமும்."

"என்ன விசாரிச்ச?"

"பத்திரம் பார்த்தேன், சுத்தமா இருக்கு. கார் பார்த்தேன், புதுசு..."

"காரையா வாடகைக்கு விடப் போறீங்க? கிளம்புய்யா!"

பந்தலில் நல்ல கூட்டம். வந்தவர்கள் ஆளாளுக்குக் காசு போட்ட தட்சிணைத் தட்டு குழியின் ஓரத்தில் இருந்தது.

"முதலாளி கையால ஒரு காசு குழியில போடுங்கோ" என்றார் ஐயர்.

ஜெயசீலன் குனிந்து போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். மாசிலாமணியும் தட்டினார்.

பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"தம்பி, இதுல உங்க சொந்தப் பணம் எவ்வளவு?"

அவன் சிரித்தான். "என் உழைப்புதாம்மா முதலீடு."

"உழைப்புக்குக் கமிஷன் உண்டுல்ல?"

"அது முதல்லயே எடுத்துக்குவேன்."

"நஷ்டம் வந்தா?"

"எல்லாரும் சேர்ந்து தாங்கிக்க வேண்டியதுதான்."

"அந்த எல்லாருல நீங்க உண்டா?"

ஜெயசீலன் திரும்பிக்கொண்டான். "யாருப்பா அங்க, பந்தியைப் போடச் சொல்லு."

பேச்சியம்மாள் மாசிலாமணியைத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா சண்டை? மனுசன் முகமே சுருங்கிப்போச்சு."

"யோவ், முப்பது வருஷம் பஸ்ஸுல வித்தவுட்டை எப்படிய்யா பிடிச்ச?"

"டிக்கெட் கேட்டா, பின்னாடி எடுப்பாங்கன்னு கை காட்டுவான். அவன்தான்."

"குழியில இவன் போட்ட காசு எங்க இருந்து வந்துச்சு?"

மாசிலாமணி யோசித்தார்.

"தட்சிணைத் தட்டுல இருந்து எடுத்தார்... ஒத்த ரூபாதானேம்மா?"

"ஒத்த ரூபாய்க்கே அவன் கை சொந்தப் பைக்குள்ள போகலய்யா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே மைக் அழைத்தது. "மாசிலாமணி சார், செக்கோட மேடைக்கு வாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்த செக்கை எடுத்தார். நாலாக மடித்து உள்ளே வைத்தார்.

"நான் சேரலன்னு சொல்லிட்டு வந்துடறேம்மா."

"உன் பணத்தை மட்டும் காப்பாத்திக்கிட்டு வர்றதுக்கா என்கிட்ட படிச்ச? மிச்சம் முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. போ. அதே மைக்கைப் பிடிச்சு, அவன்கிட்ட டிக்கெட் கேளு."