தென்கரைப் புன்னைத்துறை

"கேக்காமலே அழிச்சிருக்கான், மேடம்! ஒரு வார்த்தை கேக்கலை!"

தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இவ்வேலையை அவருக்குக் கற்றுத்தந்த தாட்சாயணிக்கு முப்பத்தாறு.

மேசைக் கணினியின் திரையில் ஆறு சாளரங்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நிரல் எழுதும் ஓர் ஏஐ ஏஜென்ட். ஆறும் ஒரே நேரத்தில் உழைத்தன. ஆறையும் அவர் ஒருவரே மேய்த்தார்.

ஏழு என்று சொல்வாரும் உளர். எண்ணிக்கையால் கதை மாறுவதில்லை.

அவை எழுதிய நிரலின் பணி ஒன்றே: அணையின் மதகு திறக்கும் முன், ஆற்றோர ஊர்களில் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்வது.

அன்று காலை ஒத்திகை. மறுநாள் காலை தண்ணீர்.

பதினேழு ஊர்களில் சங்கு ஒலித்தது. பதினெட்டாவது ஊரில் ஒலிக்கவில்லை.

"எந்த ஊரு, சார்?"

"புன்னைத்துறை. வடகரையில ஒண்ணு, தென்கரையில ஒண்ணு. ஒரே பேரு. நாலாவது விண்டோவில உக்காந்திருக்கிற மகாபுத்திசாலி, ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்ணித் தென்கரையைத் தூக்கிட்டான்."

"அப்போ தென்கரையில யாரு இருந்தாங்க?"

"ஆத்துல துணி துவைக்கிற பொம்பளைங்க, பதினோரு பேரு. ஒருத்தர்கூட நிமிந்து பாக்கலை. ஒத்திகைங்கிறதால பொழைச்சாங்க."

தாட்சாயணி ஆறு சாளரங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அதுங்க உங்கள எதுவுமே கேக்காதா?"

"கேக்காம என்ன? நாள் முழுக்க நச்சரிப்புதான்! இந்த ஃபைலைத் திறக்கலாமா, அந்த வரியை மாத்தலாமா... ஆறு பக்கமும் பிடுங்கல். நானும் சரி, சரின்னு தட்டிக்கிட்டேதான் இருக்கேன். அற்பத்துக்கெல்லாம் கேக்கிறவன், ஒரு ஊரையே அழிக்கிறப்போ கேக்க வேணாமா?"

"வேணும்."

"அப்போ ஆறு பேரையும் ஒழிச்சுக்கட்டுங்க!"

தாட்சாயணி எதிரில் அமர்ந்தார். கையிலிருந்த தாளை மேசைமீது விரித்தார். மறுநாள் அணைக்குச் செல்லும் குழுவின் பெயர்ப்பட்டியல் அது.

தணிகாசலம் திரைப்பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சாளரமாகச் சென்று வசை எழுதத் தொடங்கினார். நான்காவதில், "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டிருந்தார்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா, சார்?"

"சரி, மேடம்."

"டீ சொல்லட்டுமா?"

"சரி."

"நாளைக்குப் போறவங்க பட்டியல்ல உங்க பேரை அடிச்சிடட்டுமா?"

"சரி, சரி."

"கதவைச் சாத்தட்டுமா?"

"சரி."

விசிறி வேகம் குறைந்தது. தேநீர் வந்தது. கதவு சாத்தப்பட்டது.

பெயரும் அடிக்கப்பட்டது. பேனாவால் என்பது ஒரு வழக்கு. பென்சிலால் என்பது மற்றொன்று. அடிக்கப்பட்டது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஐந்தாவது ஏஜென்ட்டைத் திட்டி முடித்துத் தேநீருக்குக் கை நீட்டியபோதுதான் தணிகாசலம் அந்தத் தாளைக் கண்டார்.

"என்ன இது?"

"உங்க பேரு."

"ரெண்டு மாசமா முதுகெலும்பு ஒடிய உழைச்சவன் நான்! நாளைக்கு நான் இல்லாம மதகைத் திறப்பீங்களா? யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"உங்களத்தான் கேட்டேன், சார்."

"பொய்! எப்போ கேட்டீங்க?"

"டீக்கும் கதவுக்கும் நடுவுல."

 

தணிகாசலத்தின் பார்வை தாளிலிருந்து திரைக்கு நகர்ந்தது. நான்காவது சாளரத்தை மெல்ல மேலே உருட்டினார். நேற்றைய உரையாடல், அதற்கு முந்தைய நாளினது, அதற்கும் முந்தையது.

'எழுத்தின் அளவைக் கூட்டலாமா?'

சரி.

'பட்டியலில் புன்னைத்துறை இருமுறை வருகிறது. ஒன்றை நீக்கலாமா?'

சரி.

'கோப்பைச் சேமிக்கலாமா?'

சரி.

மூன்று பதில்களுக்கும் இடையே நான்கு நொடிகள்கூடக் கழிந்திருக்கவில்லை.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தாட்சாயணி எழுதுகோலைக் கையில் எடுத்தார்.

"பேரைத் திரும்ப எழுதிடட்டுமா, சார்?"

"ச..."

முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார் தணிகாசலம். தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"எந்தப் பேரை, மேடம்?"