கொடியா, காயா?

விடை சொல்வதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள், கதை முடியும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பாதியிலேயே குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்ன சிலரை எனக்குத் தெரியும். கடைசியில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்கள்.

பூசணி விளையும் மலைநாடு ஒன்று இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் அங்கே ஒவ்வொரு கொடியின் முன்னாலும் உட்கார்ந்து ஒரு முடிவெடுப்பார்கள். காயைக் கிள்ளிவிட்டால் கொடி பிழைக்கும். விட்டுவைத்தால் இருக்கிற சத்தையெல்லாம் உறிஞ்சிக் காய் முற்றும், கொடி காய்ந்துபோகும். இந்தக் கேள்வியையே அவர்கள் பிரசவத்துக்கும் கொண்டுபோனார்கள். உள்ளே நுழையும் முன் மருத்துவச்சி வாசலில் நின்று, "கொடியா, காயா?" என்று கேட்பாள். ஆபத்து வந்தால் தாயைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா என்று அர்த்தம். வலியில் துடிப்பவளுக்குப் பேச்சு வராது, அவளுக்காக யாராவது பேச வேண்டுமே என்று ஏற்பட்ட வழக்கம் அது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். பெண்ணைப் பெற்றவள் "கொடி" என்று சொல்லிவிடுவாள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில். பதில் சொல்ல வேண்டியவன் புருஷன். அவன் சொன்னதை மீறும் மருத்துவச்சி, அதன்பிறகு எந்தப் பிரசவத்துக்கும் போகக் கூடாது.

அந்த நாட்டில் கொற்றன் என்றொருவன் இருந்தான். மனைவி பெயர் நாச்சி. மூன்று வயதில் மயிலி என்று ஒரு மகள். இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது நாச்சி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல்ல கேட்டா, காய்னு சொல்லணும்."

"என்ன பேச்சு இது?"

"மயிலி பொறக்கறதுக்கு முன்னாடி, பிள்ளைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒண்ண எப்படிங்க விட்டுக்குடுக்கறது? கையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னான். வேறு என்ன செய்வான்? நிறைமாதக்காரியிடம் வழக்காடவா முடியும்?

ஒருநாள் விடிந்து சிறிது நேரத்தில் வலி கண்டது. மருத்துவச்சி மாராயி வந்து, அறையை மறைத்திருந்த மூங்கில் தட்டிக்கு முன்னால் நின்றாள்.

"கொற்றா, கொடியா, காயா?"

கொற்றன் வாயைத் திறந்தான். மயிலி அவன் தோளில் இருந்தாள். அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிற பிள்ளை அது. நாளைக்கு அது தூங்க எந்தக் காதைத் தேடும் என்று நினைத்தான்.

"கொடிதான்க்கா" என்றான். தட்டிக்குப் பின்னால் கிடந்த நாச்சி அதைக் கேட்டாள்.

பிள்ளை கால் பக்கமாக வந்தது. தோள்வரை வந்து, தலை நின்றுவிட்டது. நாச்சிக்கோ ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாராயிக்குத் தொழில் தெரியும். ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு ரத்தத்தை நிறுத்தினால் தாய் பிழைப்பாள், ஆனால் பிள்ளையின் கழுத்து தாங்காது. தாய் முக்குகிற மூச்சோடு சேர்ந்து மெல்ல எடுத்தால் பிள்ளை உயிரோடு வரலாம், அதற்குள் தாய் போய்விடலாம். வாசலில் வாங்கிய பதில் "கொடி". மாராயி இழுக்கக் கை வைத்தாள்.

நாச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெகுநேரமாக முனகலைத் தவிர வேறெதுவும் வராத வாய் திறந்தது.

"இழுத்துடாதக்கா. பத்து மூச்சு குடு. அதுக்கு மேல உன் இஷ்டம்."

மாராயி இழுக்கவில்லை, எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண் இருட்டிக்கொண்டு வருகிற ஒருத்தி, ஒவ்வொரு மூச்சையும் அடிவயிற்றிலிருந்து திரட்டித் திரட்டி எடுத்தாளே, அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? எத்தனையோ வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்கு இன்னும் விளங்கவில்லை, இந்த இடம் வந்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஏழாவது மூச்சில் தலை வந்தது. எட்டாவதில் பிள்ளை அழுதது. மாராயி பாடுபட்டு ரத்தத்தை நிறுத்தினாள். நாச்சியும் பிழைத்தாள்.

தீட்டுக் கழிந்ததும் கொற்றன், நாச்சி, மாராயி மூவரும் ஊர்ச்சபைக்கு வந்தார்கள்.

"ரெண்டு உயிரும் பிழைச்சதுக்குச் சாமியக் கும்பிடறேன்" என்றான் கொற்றன். "ஆனா நான் சொன்னது கொடி. இவ போயிருந்தா, என் மகளுக்கு இந்த அக்கா என்ன பதில் சொல்லியிருக்கும்?"

"கையில அடிச்சுக் குடுத்த வாக்க மீறினது நீங்க" என்றாள் நாச்சி. "அக்காவ எதுக்குக் கேக்கறீங்க?"

மாராயி வாதாடவில்லை. "மீறினேன்" என்று சொல்லி, தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைச் சபைமுன் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறினான் கொற்றன். வாசலில் வாங்கிய பதிலை மீறினாள் மாராயி. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தன் உயிரைப் பணயம் வைத்தாள் நாச்சி. இப்போது வாயைத் திறக்கலாம். இதில் யார் செய்தது சரி?

மாராயி செய்ததே சரி. பேச முடியாதவளுக்காகப் பேசவே கணவனை வாசலில் நிறுத்தினார்கள். அவளே பேசிய நொடியில் அவன் சொல் செல்லாது. பிள்ளை பிழைத்ததால் மாராயி செய்தது சரி என்பவர்கள் பாதி விடைதான் கண்டார்கள். நாச்சி செத்திருந்தாலும் அது சரிதான். கொற்றன் அன்பினால் பொய்த்தான், அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாச்சியின் உயிர் நாச்சியுடையது. தான் சொல்ல வேண்டியதைப் புருஷன் வாயில் வைத்தது மட்டுமே அவள் பிழை. சபை கத்தியைத் திருப்பிக் கொடுத்தது, வழக்கத்தையும் மாற்றியது. இப்போது அந்த நாட்டு மருத்துவச்சிகள் வாசலில் நிற்பதில்லை. நேரே உள்ளே போய், வலியில் கிடப்பவளின் பக்கத்தில் குனிந்து கேட்கிறார்கள். கொடி என்றோ காய் என்றோ இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லையாம். எத்தனை மூச்சு தருவாய் என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்கிறார்களாம்.