தண்ணீர் வண்டிக்குக் காது உண்டா?

விடுதிக்குச் சாப்பாடு சுமந்த ரோபோ வண்டியை, வெயிலில் பெருக்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மாற்றினார் கல்லூரி இயக்குநர். அதன் பக்கத்தில் நின்று அவரைத் திட்டிய இரண்டு பேருக்கு வேலை போனது. பெருக்குகிற செண்பகவல்லிக்குச் சந்தேகம் தட்டியது. இயக்குநரிடமே கேட்டாள்.

"சார், இது நாங்க பேசறதைக் கேக்குமா?"

"தண்ணி வண்டிக்கு எதுக்கும்மா காது? இப்படிப் புரளி கிளப்பினா உனக்கும் வேலை இருக்காது."

மறுநாள் ஆளில்லாத மூலையில் அவள் வண்டியிடம் குனிந்தாள். "டைரக்டர் கார்ல நல்லபாம்பு புகுந்துருக்கு. கடிச்சா கடிக்கட்டும், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் இயக்குநர் கையில் கம்போடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"என்ன சார் தேடுறீங்க?"

"உள்ளே பாம்பு இருக்காம்."

"அதை நான் வண்டிகிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி.

கம்பு கீழே இறங்கியது.

"அந்த ரெண்டு பேரையும் நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடட்டுமா சார்?"